மாலை கழற்றிய மறுநாள்

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார். குடிக்கு சிகிச்சை எடுத்து வெளியே வந்து 38 நாள் ஆகிறது. கை நடுக்கம் போயிருக்கிறது, முக வீக்கம் வடிந்திருக்கிறது. பேச்சில்தான் ஒரு பரபரப்பு.

"அண்ணா, கார்த்திகை பொறக்கப் போகுது, மாலை போட்டுக்கட்டுமா? அம்மா முனியப்பன் கோயில்ல கயிறு கட்டிக்கங்கறாங்க. மாமா ஏற்காட்டுல எஸ்டேட் வேலை இருக்குது, மலையில போயி ஒரு வருசம் இருடாங்கறாரு. வீட்டுல மனவளக்கலை தியான வகுப்புக்குப் போகச் சொல்லுது. நீங்க குடியை விட்டவங்க கூட்டத்துக்கு வாங்கறீங்க. ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்கண்ணா, தலை சுத்துது."

இந்த ஐந்தையும் நான் செய்து பார்த்தவன். கடைசியாகக் குடித்து 11 வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் நாலு முறை விட்டு, நாலு முறையும் திரும்பப் போனேன். நிறுத்துவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. நிறுத்தியபடி இருப்பதில்தான் தேறாமல் கிடந்தேன். அந்தத் தம்பியிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இங்கே நான் சொல்வதெல்லாம் உடம்பிலிருந்து சாராயம் இறங்கிவிட்டவருக்கு. தினமும் குடிப்பவர் ஒரு வீம்பில் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த இரண்டு மூன்று நாளில் பிதற்றலும், இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவதும் வரலாம். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. அப்போது கோயிலும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். ஜி.எச்.சுக்குப் போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் யாரையாவது கேட்க வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கிற பொடியை மட்டும் வீட்டில் இருப்பவர்கள் வாங்கவே கூடாது. டைசல்ஃபிராம் மாதிரி, குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவன் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆளே போய்விடலாம். டாக்டர் எழுதிக்கொடுத்து, தெரிந்தே விழுங்கினால்தான் அது மருந்து.

சரி, எதை வைத்து ஒப்பிடுவது? செலவு, தூரம், புண்ணியம் எல்லாம் அப்புறம். என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. வாரக் கூலி சட்டைப் பையில். நாள் பூராவும் பற்றவைத்த சூடு இன்னும் முகத்தில். கடை மதியம் 12 மணிக்கே திறந்தாயிற்று, இரவு 10 வரை இருக்கும். கூட வேலை பார்ப்பவன் வண்டியை உதைத்துக்கொண்டே "வர்றியா?" என்பான். அந்த ஒரு நிமிடத்தில் இந்த ஐந்தில் எது வந்து கையைப் பிடிக்கும்?

மாலையை நான் லேசாகப் பேச மாட்டேன். என்னால் 41 நாள் குடிக்காமல் இருக்க முடியும் என்று எனக்கே முதலில் காட்டியது அதுதான். விடியற்காலை டிரம்மிலிருந்து தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றும்போது உடம்பு ஒரு உலுக்கு உலுக்கும், வாயில் தானாகச் சரணம் வரும். டீக்கடைக்காரர் "சாமி" என்பார். பெற்ற அம்மாவே "சாமி, சாப்பிட வாங்க" என்பாள். பத்து நாளைக்கு முன்னால் "வர்றியா?" என்று கேட்டவன் கருப்பு வேட்டியைப் பார்த்ததும் "நாளைக்குப் பார்க்கலாம் சாமி" என்று கும்பிட்டுவிட்டுப் போவான். ஆறு மணிக்குப் போவதற்கு ஓர் இடமும் இருந்தது: குருசாமி வீட்டுப் பஜனை. தொண்டை கட்டக் கட்டப் பாடிவிட்டு, தொன்னையில் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வந்து படுத்தால் அப்படி ஒரு தூக்கம்.

அந்த 41 நாளும் என்னைத் தாங்கியது ஐயப்பன் மட்டும்தானா என்று பிற்பாடு யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவரும்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரோடு கூட, ஊரே என்னை வேறு பெயரில் கூப்பிட்டது, சாயங்காலத்தை நிரப்ப ஒரு கும்பல் இருந்தது, கழுத்தில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஓர் அடையாளம் இருந்தது. மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றியபோது இந்த மூன்றும் ஒரே நாளில் கழன்றுவிட்டன. அன்றைக்கே குடிக்கவில்லை. சில பேர் திரும்பி வரும் வழியிலேயே குடிப்பார்கள், நான் அந்த ரகம் இல்லை என்று பெருமைகூடப் பட்டேன். மறுநாள் பட்டறையில் ஒரு யோசனை வந்தது: "41 நாள் இருந்தோமே, அப்படியென்றால் நமக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, ஒரு குவார்ட்டர் மட்டும் சாப்பிட்டால் என்ன?" விரதமே எனக்குச் சாட்சி சொல்ல வந்தது. தை முடிவதற்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டேன்.

அதனால் தம்பியிடம் இப்படிச் சொன்னேன். மாலை போடு, ஆனால் போடும் முன்பே குருசாமியிடம் தனியாகப் போய், "சாமி, எனக்கு இந்த வியாதி இருக்கு, மாலை கழட்டின பிறகும் நான் வந்து உட்காரணும்" என்று உன்னால் சொல்ல முடியுமா? முடியும் என்றால் போடு. சொல்ல வெட்கமாக இருந்தால் இந்த வருடம் வேண்டாம், ஐயப்பன் எங்கேயும் போய்விட மாட்டார்.

கயிறு விஷயத்தில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. பூசாரி முன்னால் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்து கையில் கட்டிக்கொள்வது முழுக்கப் பயத்தின் மேல் நிற்கிறது. பயம் கொஞ்ச நாள் ஓடும். ஒரு நாள் தவறிவிட்டால் அதே பயம் திரும்பி நின்று, "முனியப்பன் சத்தியத்தையே மீறிட்டே, இனிமே உனக்கு என்ன இருக்கு?" என்று கேட்கும். மாலையை விட்ட பிறகு குவார்ட்டரில் தொடங்கினேன் என்றேனே, கயிற்றை அறுத்த பிறகு மூன்று வாரம் வீட்டுக்கே போகவில்லை. அம்மா மனசு ஆறட்டும் என்று கட்டிக்கொள்வதில் தப்பில்லை. அதை ஒரு வழி என்று கணக்கில் வைக்காதே என்றேன்.

மாமா சொல்கிற ஏற்காடுதான் கேட்பதற்கு ரொம்ப அழகாக இருக்கும். என்னையும் ஒருவர் அப்படித்தான் அனுப்பினார். அடிவாரத்தில் பஸ் ஏறியதிலிருந்து கொண்டை ஊசி வளைவுப் பலகைகளை எண்ணிக்கொண்டே போனேன். 20 வளைவு. ஒவ்வொன்றிலும் சேலம் கொஞ்சம் கீழே போனது, கூடவே என் குடியும் கீழே போகிறது என்று நிஜமாகவே நம்பினேன். எஸ்டேட்டில் தங்கும் அறைகளைப் பார்த்துக்கொண்டு கணக்கு எழுதும் வேலை. சவுக்கு மரத்தில் மிளகுக்கொடி என்று நான் சொல்ல, அது சவுக்கு இல்லை, சில்வர் ஓக் என்று மேஸ்திரி திருத்தினார். மழை பெய்து பத்து நாளில் காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை மாதிரி ஒரு வாசனை அறைக்குள் வந்தது. நாலு மாதம் தொடவில்லை.

அங்கே என்னைக் குடிகாரன் என்று யாருக்கும் தெரியாது. அதைத்தான் ஆசைப்பட்டுப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமவெளியிலிருந்து வந்த கும்பல் காலி செய்துவிட்டுப் போன அறையைப் பூட்டப் போனேன். கட்டிலுக்கு அடியில் கால் பாட்டில் மிச்சம். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம், பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. என்னைத் தெரியாத ஊரில், "டேய், வேண்டாம்டா" என்று சொல்ல ஆள் எங்கே இருப்பான்? எங்கள் ஆட்கள் இதை ஊர் மாற்றுகிற வைத்தியம் என்பார்கள். நோயாளி பெட்டியோடு நோயையும் தூக்கிக்கொண்டு போகிற வைத்தியம்.

இதற்கு ஒரு அண்ணன் வைத்தியம் உண்டு, கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. அதைச் சொல்ல நம்மை விட உரிமையுள்ள ஊர் கிடையாது. ஒரு காலத்தில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும் (இன்றைய முதலமைச்சர் பதவிதான்), 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான். கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்டத்தான் 1939-ல் விற்பனை வரியே வந்தது. இன்றைக்கு அதே ஊரில் எத்தனை கடை என்று எண்ணிக்கொண்டு நடக்கிறோம். மூட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கடை குறைந்தால் புதிதாகப் பழகுகிறவன் குறைவான். ஆனால் காந்தி ஜெயந்திக்குக் கடை இருக்காது என்று முந்தின நாளே வாங்கிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தவன் நான். ஏற்காட்டுக்கு ஒரு நாள் போய் வா, சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டுவிட்டு, சாயங்காலம் கீழே இறங்கிவிடு என்று சொல்லிவைத்தேன்.

தம்பியின் மனைவி சொல்லும் மனவளக்கலை இவற்றிலிருந்து வேறு ஜாதி. அதற்கு முடிவுத் தேதி கிடையாது, பயமுறுத்தலும் கிடையாது. வேதாத்திரி மகரிஷி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அம்மாபேட்டை, குகைப் பக்கம் தறிக்காரர்கள் அவரைத் தம்மவராகப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம். எளிய உடற்பயிற்சி, காயகல்பம், தவம், அதற்குப் பிறகு அகத்தாய்வு. எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி வகுப்புதான். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று நாலு பகுதி. யார் யார் மேல் கோபம், எதற்காக, எத்தனை நாளாக என்று நோட்டுப் போட்டு எழுத வேண்டும். என் பட்டியலில் முதல் பெயர் என் அப்பா, இரண்டாவது பெயர் முதலாளி. பதினான்காவதாக, ஒரு முறை கடன் தர மறுத்த மளிகைக்கடைக்காரர். எழுதி முடித்துப் பார்த்தபோது குடிக்க எனக்கு இருந்த காரணமெல்லாம் அந்த நோட்டில் வரிசையாக நின்றது.

ஆனால் நான் போனது சீக்கிரம். குடியை விட்டு ஒரு மாதத்தில், மூளை இன்னும் நிதானத்துக்கு வராத நேரத்தில், கண்ணை மூடிப் புருவ மத்தியில் கவனி என்றால் என்ன தெரியும்? எனக்குப் பாட்டில் லேபிள் தெரிந்தது, விலையோடு. பக்கத்தில் இருந்தவர்கள் முகமெல்லாம் அமைதி. நான் மட்டும் கள்ளன் மாதிரி ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே எல்லாரும் நல்லவர்கள், "வாழ்க வளமுடன்" என்று வாய் நிறையச் சொல்வார்கள். அந்த நல்லவர்களிடம் போய் நேற்று ராத்திரி எனக்கு வந்த யோசனையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நோட்டில் எழுதினேன், மடித்து வைத்தேன். பத்து நாள் பேசாமல் உட்காரும் விபாசனாவுக்கும் இதே கதைதான். ஒன்றிரண்டு வருடம் தாண்டியவருக்கு அமிர்தம், 38 நாள் ஆனவருக்கு அந்த மௌனம் ரொம்பப் பெரிசு.

மடித்து வைத்த அந்த நோட்டுதான் கூட்டத்துக்குள் என்னைக் கொண்டுவந்தது.

கூட்டம் என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், ஏ.ஏ. என்போம். 1935-ல் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்து ஆக்ரன் நகரத்தில் தொடங்கியது. அது தொடங்கிய விதத்தைத் தம்பிக்குக் கொஞ்சம் விவரமாகவே சொன்னேன், அவர் கேள்விக்குப் பதில் அதற்குள்ளேயே இருப்பதால். நியூயார்க் பங்குச்சந்தை ஆள் ஒருவர், பில் என்று பெயர், 1934 டிசம்பரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போது அவருக்கு ஓர் ஆன்மிக அனுபவம் கிடைக்கிறது. அறையே வெளிச்சமாகிவிட்டதாகச் சொல்கிறார். அதற்குப் பிறகு குடிக்கவில்லை. அஞ்சு மாதம் கழித்து வியாபார விஷயமாக ஆக்ரன் போகிறார், போன காரியம் கெட்டுப்போகிறது. ஹோட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். அந்த வெளிச்சம் கண்ட மனுஷனுக்கே அங்கே கால் தடுமாறுகிறது. இன்னொரு குடிகாரனோடு பேசினால்தான் தப்பிப்பேன் என்று ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கிறார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப். குடியை விட முடியாத ஒரு சர்ஜன். அவர் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10 என்று வைத்து, அதையே ஏ.ஏ.வின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த ஹோட்டல் கூடமும் நம் சனிக்கிழமை ஆறு மணியும் எனக்கு ஒன்றுதான்.

இங்கே நான் போகும் கூட்டம் ஒரு பள்ளிக்கூட அறையில் நடக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி பதினைந்து, ஃபிளாஸ்கில் டீ, ஒரு பாக்கெட் பிஸ்கட். ஒருவர் எழுந்து பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்பார். எல்லாரும் வணக்கம் சொல்வோம். அவர் பேசுவார். நடுவில் யாரும் குறுக்கே பேசக்கூடாது, முடிந்ததும் புத்தி சொல்லக்கூடாது. கட்டணம் கிடையாது. டப்பா சுற்றி வரும், பத்தோ இருபதோ போடலாம், போடாமலும் விடலாம். வெளி ஆட்களிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் விதி. சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பது அந்த அறையோடு நின்றுவிடும். இந்தக் கட்டுரையில் யார் பெயரும் இல்லாததற்கு அதுதான் காரணம்.

முதல் நாள் நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். விசைத்தறிக்காரர் ஒருவர், மகள் சீமந்தத்துக்கு எடுத்து வைத்திருந்த வளையல் பணத்தைக் குடித்ததைச் சொன்னார். சொல்லும்போது அழவில்லை, எந்தக் கடை, எத்தனை மணி என்று கணக்கு ஒப்பிப்பது மாதிரி சொன்னார். நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைப் போலவே இருந்தது அது. வெளியே வந்து டீ குடிக்கும்போது அவர் போன் நம்பரை பிஸ்கட் அட்டையில் எழுதிக் கொடுத்து, "ஆறு மணிக்கு இழுக்கும், அப்பக் கூப்பிடு. குடிச்ச பிறகு கூப்பிடாதே, பிரயோஜனம் இல்ல" என்றார். அவரையே பிறகு ஸ்பான்சராக, அதாவது கூடவே இருந்து வழிகாட்டும் மூத்தவராக, வைத்துக்கொண்டேன். மனவளக்கலை நோட்டைப் பிரித்து அவரிடம்தான் முதன்முதலாக வாய்விட்டுப் படித்தேன். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளில் நாலாவது, நம் குறைகளைப் பயமில்லாமல் கணக்கெடுப்பது. அஞ்சாவது, அதை இன்னொரு மனிதரிடம் ஒப்புக்கொள்வது. அகத்தாய்வில் எனக்கு நாலாவது கிடைத்தது, அஞ்சாவதுக்குத்தான் அந்த விசைத்தறிக்காரர் தேவைப்பட்டார்.

சாமி நம்பிக்கை இல்லாதவர் என்ன செய்வது என்று தம்பி கேட்கவில்லை, ஆனால் கேட்பவர்கள் உண்டு. படிகளில் கடவுள் என்று வரும் இடத்தில், அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றுதான் இருக்கிறது. திராவிடர் கழகம் என்று பெயர் சூட்டிய 1944 மாநாடு நடந்த ஊர் இது. கருப்புச் சட்டைக்காரர் இல்லாமல் இங்கே எந்தக் கூட்டம் நடக்கும்? எங்கள் கருப்புச் சட்டைக்காரர், "எனக்கு மேலான சக்தி இந்தப் பதினஞ்சு நாற்காலிதான்" என்பார். அவருக்குப் பக்கத்தில் ஜபமாலையோடு ஒருவர், தொழுகை முடித்து வரும் பாய் ஒருவர். இதுவரை சண்டை வந்ததில்லை, பிஸ்கட்டுக்கு வந்திருக்கிறது.

குறையும் இருக்கிறது. சொன்ன கதையையே சொல்லுகிறவர் உண்டு, தன் வருடக் கணக்கைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு புதியவரை மிரட்டுகிறவர் உண்டு. பெண்களுக்கு இந்த ஊரில் அப்படி ஒரு அறைக்குள் வருவது சுலபம் இல்லை. கூட்டத்துக்கு மட்டும் வந்து, படி எதையும் செய்யாமல், வீட்டில் அதே கத்தலும் சந்தேகமுமாக இருப்பவரை, குடிக்காத குடிகாரன் என்போம். முதல் இரண்டு வருடம் நான் அதுதான், என் மனைவி சாட்சி. குடும்பத்தாருக்கென்று 1951-ல் தொடங்கிய அல்-அனான் என்று ஒரு தனி அமைப்பு இருக்கிறது. மனைவி, அம்மா, பிள்ளைகளுக்கானது.

ஆராய்ச்சி என்று கேட்டால் 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரை, சேர்த்துப் பார்த்தது. முழுக்கக் குடிக்காமல் தொடர்வதில், ஏ.ஏ.வோடு முறையாக இணைத்துவிட்டவர்கள் மற்றப் பேச்சுச் சிகிச்சை எடுத்தவர்களை விட மேலாக இருந்தார்கள். டாக்டர் எழுதும் மாத்திரைக்கும் கூட்டத்துக்கும் சண்டையே கிடையாது, இரண்டும் ஒன்றாகப் போகலாம். மாத்திரை சாப்பிட்டால் அது நிஜமான விலகல் இல்லை என்று கூட்டத்தில் எவராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே என்றேன்.

ஆக, தம்பிக்கு என் தீர்ப்பு: இப்போது கூட்டம், முடிந்தால் தினமும், இல்லையென்றால் சனிக்கிழமையாவது தவறாமல். டாக்டரிடம் போவதை நிறுத்தாதே. மாலை, குருசாமியிடம் வாய்விட்டுச் சொல்ல முடிந்தால் மட்டும். மனவளக்கலை அடுத்த வருடம், அகத்தாய்வு நோட்டை ஸ்பான்சரிடம் படிக்கும் உத்தேசத்தோடு. ஏற்காடு, பிக்னிக்குக்கு.

"அது சரிண்ணா, இந்தச் சனிக்கிழமை?" என்றார்.

ஆறுக்குக் கால் மணி முன்னாலேயே பட்டறை வாசலில் வண்டியோடு நிற்கிறேன் என்றேன். கூலியை அவர் மனைவி வந்து வாங்கிக்கொள்ளட்டும், முதலாளியிடம் நானே பேசுகிறேன் என்றும் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. கூட வேலை பார்ப்பவர்கள் முன்னால் பெண்டாட்டி வந்து கூலி வாங்குவது அவருக்குக் கௌரவக் குறைச்சல், எனக்குத் தெரியாதா? செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார்.

"மூணு மாசத்துக்குத்தானேண்ணா?"

"மூணு மாசம் கழிச்சுக் கேளு தம்பி" என்றேன்.